நாலாவது மூலை

ஆகஸ்ட் இரண்டாம் வாரம்
பதினேழாம் வரிசையில் நிற்பவர்களைப்
பார்த்ததுமே சொல்லிவிடுவேன்
யார் முதல் பிள்ளையை அனுப்புகிறார்கள்
யார் மூன்றாவதை.
மூன்றாவதின் அம்மா விலையை மட்டும் பார்ப்பாள்.
முதலாவதின் அம்மா
உறையைக் கிள்ளித் திறந்து
துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.
கிள்ளிய உறைகளை எல்லாம்
இரவு ஒன்பதரைக்கு மேல்
உட்கார்ந்து ஒட்டுகிறவள் நான்.

டொலீடோவின் தெற்கு விளிம்பு,
நெடுஞ்சாலையை ஒட்டிய கடை.
சட்டையில் குத்திய அட்டையில்
'லூவெல்லா, என்னைக் கேளுங்கள்' என்றிருக்கும்.
கேட்டாலும் கேட்காவிட்டாலும்
நான் சொல்வது ஒன்றுதான்:
விடுதிக் கட்டில்
வீட்டுக் கட்டிலைவிட ஐந்து அங்குலம் நீளம்.
சொல்லாமல் விட்டால்
மூன்றாம் நாள் திரும்பி வருவார்கள்,
எவ்வளவு இழுத்தாலும்
விரிப்பின் நாலாவது மூலை ஏறவில்லை என்று,
விடிய விடியக் கால்மாட்டில்
பிளாஸ்டிக் மெத்தை சரசரத்தது என்று.
ஏன் அந்த ஐந்து அங்குலம்?
கூடைப்பந்து ஆடுகிற பையன்களுக்காக
என்பார் மேலாளர்.
அவர் சொல்வதில் பாதி
அவர் வாயிலேயே விளைந்தது.

நேற்று வந்த மனிதருக்கு
இடக்கை மட்டும் வெயிலில் கருத்திருந்தது.
வலக்கை வேறு யாருடையதோ போல வெளுப்பு.
கூட வந்த பெண்ணை
ஆட்ரா என்று கூப்பிட்டார்.
அவள் கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
அறைத்தோழி படம் அனுப்பியிருக்கிறாளாம்,
சாம்பலும் வெளிர்பச்சையும்தான் வேண்டுமாம்.

"முகமே பார்க்காத பெண்ணுக்குப் பொருத்தமா
நாம எதுக்கு வாங்கணும்?"

"முகம் பார்க்கத்தான்ப்பா."

நான் வாயைத் திறந்தேன், என் ஒரே வசனத்துக்கு.
அதற்குள் அவர்
"எண்பது அங்குலம், அகலம் முப்பத்தெட்டு"
என்றார் அடுக்கைப் பார்த்தபடி.
மளிகைக்காரர் மனக்கணக்குச் சொல்வதுபோல.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லாரியில் என் இருக்கைக்குப் பின்னால்
இருப்பதும் அதே அளவுதான் அம்மா.
பதினோரு வருஷமாகப் படுக்கிறேன்."

அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.
"அதுல என்னப்பா விரிச்சிருக்கே?"

கொஞ்சம் யோசித்தார்.
எந்த ஊரில் எந்தச் சாலை திரும்பும் என்று
கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.
"தூங்கும் பை ஒண்ணு. ஜிப் போயிடுச்சு.
அதனால என்ன."

அதன்பிறகு என்னை அழைத்துவிட்டார்கள்.
கூட்டம் என்றால் கல்லாவும் நான்தான்.
துண்டு, துணிக்கூடை, குளியல் செருப்பு,
கட்டில் கால்களுக்கு நாலு உயரக் கட்டைகள்,
ஒரு சாம்பல் விரிப்பு,
அதன் அடியில் ஒரு நீலக் கட்டம் போட்டது.

"ரெண்டு எதுக்கு?"

"துவைக்கும்போது மாத்திக்க."

அவர் நம்பினார்.
பில் போடுகிறவள் நம்பத் தேவையில்லை.
தோழியின் படத்தில் நீலம் இல்லை என்று
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
பதினெட்டு டாலர் தொண்ணூற்றொன்பது காசை
அவளே தனியாகக் கொடுத்தாள்,
கசங்கிய ஒற்றை நோட்டுகளாக,
ஏதோ ஓர் உணவகத்தின் எண்ணெய் வாசத்தோடு.

கண்ணாடிக்கு வெளியே
ஆறு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு
பின்வண்டி இல்லாமல் நின்றது
ஒரு லாரியின் தலை மட்டும்.
இருவரும் ஏறினார்கள். கிளம்பவில்லை.
பின்பக்கச் சிறு ஜன்னலில் விளக்கு எரிந்தது.
தாறுமாறாய்க் கைகள்,
ஒரு முழங்கை, சட்டென்று ஒரு தலை,
நீலம் ஒருமுறை உப்பி அடங்கியது.
யாரோ சிரித்தார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்காது.

ஒரு மூலை. இரண்டு.
மூன்றாவதுக்கு அவள் முட்டி போட வேண்டியிருந்தது.

நாலாவதை நான் பார்க்கவில்லை.
"இது உள்ளே எப்படி இருக்கும்?" என்று
ஓர் அம்மா உறையைக் கிள்ளத் தொடங்கியிருந்தாள்.
மூத்தவனா என்று கேட்டேன்.